வெறுங்கூடை

நாலாவது தோலையும் உரித்துவிட்டு எழுந்த பட்டுப்புழுவுக்கு ஈவு இரக்கம் கிடையாது. விடியக் கருக்கலில் போட்ட தழையைக் காலைச் சோற்றுக்கு முன்னாலேயே தின்று தீர்த்துவிட்டு, வெறும் குச்சிகளின் மேல் ஏறி நின்று தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை என்றால் அழும், மாடு என்றால் கத்தும். இது வாயைத் திறக்காமல் கேட்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப் பங்காரம்மாளால் முடியவில்லை. கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். வாசலில் வைத்திருந்த பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். போனவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. புழுத்தட்டுகளைப் பார்த்தாள். மறுபடி வெளியே வந்தாள்.

தோட்டம் கொட்டகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. உடுமலையிலிருந்து ஆனைமலை போகிற ரோட்டில், செங்காட்டுப்புதூர் பிரிவில் இறங்கி நடந்தால் இடதுகைப் பக்கம் வருகிற முதல் மல்பெரித் தோட்டம் பங்காரம்மாளும் அவள் புருஷன் சீனிவாசலுவும் வைத்திருப்பது. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கிட்டே போனால் வயிறு எரியும். கொழுந்தெல்லாம் சுருண்டு முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. முடிச்சைப் பிரித்தால் உள்ளே அரிசி மாவைப் பிடித்து அப்பினது போல வெள்ளைவெள்ளையாகப் பூச்சி. தொட்டால் பிசுபிசுத்தது. கீழ் இலைகளில் கரி படிந்திருந்தது. எறும்புகள் மட்டும் கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரி மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன.

பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து சண்முகப்பிரியா என்ற பெண் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். நல்ல பெண். வெயிலில் நின்று ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தாள்.

"மாவுப்பூச்சிங்க்கா. நம்மூருப் பூச்சி இல்லீங்க இது. மெக்சிகோப் பக்கமிருந்து வந்தது. அங்க இதத் தின்னறதுக்குன்னே ஒரு குளவி இருக்குது. இங்க கேக்கறதுக்கு ஆளில்ல, அதான் இந்த ஆட்டம் ஆடுது."

"மருந்தடிச்சாப் போவாதுங்களா கண்ணு?"

"அடிச்சா எலை வெசமாயிரும். அதத் தின்னா உங்க புழு செத்துப்போகும். பூச்சியத் தின்ன வர்ற குளவியும் செத்துப்போகும்."

சின்னக் கண்ணாடிக் குழாயில் அந்தக் குளவியையும் கொண்டுவந்திருந்தாள். கொசுவை விடச் சின்னது. மூடியைத் திறந்ததும் எங்கே போனது என்றுகூடத் தெரியவில்லை. "பொறுமையா இருங்க, அடங்கிரும். ஆனா நாளாகும். அதுவரைக்கும் இந்தத் தோட்டத்து அருவா, துணி, சாக்கு எதுவும் இன்னொரு தோட்டத்துக்குள்ள போகக்கூடாது. எறும்பே கொண்டுபோய் உட்டுரும். அப்பொறம், ஊட்டுக்குப் பின்னால நிக்குதே பப்பாளி, அத வெட்டிக் கொளுத்திருங்க. இந்தப் பூச்சிக்கு அதுதான் மொத ஊடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொறுமையாக இருக்க நாள் வேண்டாமா? தை மாதத்துப் புழு நோய்கண்டு போயிற்று. மாசி மாதத்துப் புழு பாதித் தழையில் வற்றிப் போயிற்று. இது மூன்றாவது. சீனிவாசலு காபியைக் குடித்துவிட்டு டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"இதும் போச்சுன்னா ஜேசிபிய உட்டு அத்தனை செடியையும் புடுங்கிப் போட்டுட்டு பெருந்துறைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போயிர்றேன். கம்பெனிக்காரன் யூனிபாரம் குடுக்கறான், தொப்பி குடுக்கறான். இந்தப் புழுவுக்கு அடிமை வேல பாத்தது போதும்."

"காலங்காத்தால வாய் வெக்காதீங்க."

"நான் என்னத்த வாய் வெக்கறது? பூச்சி வெச்சிருச்சே."

அவர் சொன்னால் செய்கிற ஆள். அதுதான் பங்காரம்மாளுக்குப் பயம். கல்யாணமாகி வந்த வருஷம் அவளே குனிந்து நட்ட குச்சிகள் அவை.

செங்காட்டுப்புதூரில் தழை விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் புழுப் பசி நேரத்தில் தழை பற்றாமல் போகிறதோ, அவர்கள் அடுத்த தோட்டத்தில் கேட்டு அறுத்துக்கொள்ளலாம். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. வாயில்லாத ஜீவன் பசிக்கு இல்லை என்றால் அந்த வீட்டில் கூடு கட்டாது என்பார்கள். வாங்குகிறவர் தானே போய் அறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பங்குனியில் கேட்பதற்குத் தோட்டம்தான் இல்லை. மேற்கே எல்லாம் வெள்ளை, தெற்கே எல்லாம் வெள்ளை. சுத்தமாக நின்றது பழனியாத்தாள் தோட்டம் ஒன்றுதான். நடுவில் ஒரு வண்டித்தடமும் பொழி என்கிற எல்லை வரப்பும், அவ்வளவுதான் தூரம்.

பழனியாத்தாள் தனியாள். மகன் சோமனூரில் தறி ஓட்டுகிறான். வா வா என்கிறான், இவள் போகவில்லை. குரல் கொஞ்சம் பெரிசு. பொழி மேல் நின்று அவளே கூப்பிட்டாள்.

"ஏ அம்மணி! பங்காரு! என்ன, ஊட்டுக்குள்ளயே பூந்துட்டே? புழு எந்திரிச்சிருச்சாமா?"

"எந்திரிச்சிருச்சுங்க்கா."

"தழைக்கு என்ன பண்றே?"

"பொறுக்கி அறுக்கறனுங்க. பாதி வவுறு ரொம்புது."

"மீதி வவுத்துக்குக் காத்தா குடுப்பே? அருவாள எடுத்துட்டு வா. என்ற புழு இப்பத்தான் கூடாச்சு, செடி சும்மாதான் நிக்குது. வந்து அறு."

பங்காரம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கால் எடுத்து வைத்தாள், அப்படியே நின்றாள்.

"இல்லீங்க்கா. நான் உள்ள வரக்கூடாதுங்க. என்ற சீலையில, காலுல, எங்க ஒட்டிட்டு இருக்குதோ. உங்க தோட்டத்துக்கும் வந்துரும்."

"அட, அந்தப் புள்ள சொல்லுச்சுன்னு நீயும் சொல்றியா? வர்றது வந்துதான் தீரும்."

"என்ற காலோட வர வேண்டாமுங்க்கா. புழு செத்தாச் சாவுட்டும், நான் வல்ல."

பழனியாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "கிறுக்கி" என்றாள். என்றுவிட்டுத் தானே குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். அறுபதைத் தாண்டிய பொம்பளை, முழங்கால் வேறு தேய்ந்தது. சாக்கில் கட்டினால் தழை வெந்துவிடும் என்று வீட்டிலிருந்து பெரிய மூங்கில் கூடையைக் கொண்டுவந்து, அதில் நிறைத்து, பொழி மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பங்காரம்மாள் வந்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அப்படித்தான். விடிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் கூடை வரும். தழையைக் கொட்டிவிட்டு, கூடையைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் காய வைத்து, தட்டி உதறிப் பொழி மேல் வைப்பாள் பங்காரம்மாள். "வாரேனுங்க்கா" என்பாள். "செரி, வா அம்மணி" என்று அந்தப் பக்கம் செடிகளுக்குள்ளிருந்து குரல் வரும்.

புழு தின்றது. தழை போட்ட கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்கச் சடசடவென்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கம்மங்கூழும் வெங்காயமும் சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்கியது.

பப்பாளி மரத்தையும் சீனிவாசலு வெட்டினார். நல்ல காய்ப்பு மரம். கிளையையும் தண்டையும் ரோட்டோரம் இழுத்துப் போட்டுக் கொளுத்தினார். காயை என்ன செய்வது? முற்றின காய்கள், சிலது மஞ்சள் விழுந்தது. பழத்தைத் தீயில் போட யாருக்குக் கை வரும்? பங்காரம்மாள் பொறுக்கியெடுத்துக் கழுவி, வைக்கோலில் மூடி வைத்தாள். இரண்டு நாளில் பழுத்து வாசல் வரைக்கும் மணத்தது.

அன்று சாயங்காலம் அவள் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது சீனிவாசலு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, வெறுங்கூடையவா கொண்டுபோறே?"

"ஆமாங்க. ஏனுங்க?"

"ஏனுங்கவா? அந்தம்மா முட்டி தேய அறுத்து நம்ம புழுவக் காப்பாத்துது. நீ தெனமும் வெறுங்கூடையத் திருப்பி வெச்சுட்டு வர்றே. எந்த ஊட்டுல இப்படிக் கத்துட்டு வந்தே? நாளைக்கு ஊருக்குள்ள நாயுடு ஊட்டுப் பொம்பளைக்குக் குடுக்கற கை இல்லேன்னு பேசுவாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அவளும் அதை நினைக்காமல் இல்லை. பாத்திரம் வந்தால் வெறுமனே திரும்பக் கூடாது, ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பழகினவள். பூச்சி பூச்சி என்று நினைத்துக்கொண்டே அத்தனை நாளும் கூசிக் கூசி வெறுங்கூடை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே போய் இருப்பதில் பெரிய பழமாக எடுத்தாள். மறுபடி கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். மூங்கில் கூடையில் வைத்தாள்.

மறுநாள் பொழி மேல் நின்று பழனியாத்தாள் கத்தினாள். "அம்மணி, தேனுடி அந்தப் பழம்! ஒருத்தியே உக்காந்து முழுசையும் தின்னுபோட்டேன்!"

புழு பழுத்தது. உடம்பு கண்ணாடி போல மின்ன, தலையை மேலே தூக்கிக்கொண்டு நூலை விட ஆரம்பித்தது. கூடு கட்டுகிற வலைகளை விரித்துப் புழுக்களை ஏற்றினார்கள். கெட்டியான வெள்ளைக் கூடுகள். சீனிவாசலு ஒரு கூட்டைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். உடுமலைப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த பிறகு பெருந்துறைப் பேச்சையே எடுக்கவில்லை. பங்காரம்மாள் பழனியாத்தாளுக்கு ஒரு சீலை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய கூடை மட்டும் இவர்கள் கொட்டகைச் சுவரில் சாத்தியபடி அங்கேயே நின்றுவிட்டது.

வைகாசியில் பழனியாத்தாளின் செடி துளிர்த்து இடுப்புயரம் வந்தது. அவளும் புழு வாங்கி இறக்கினாள். மூன்றாம் தோல் உரித்த அன்று காலை, அந்தப் பெரிய குரல் பொழி மேலிருந்து வேறு மாதிரி வந்தது.

"பங்காரு... கொஞ்சம் வந்து பாரு சாமி."

குளித்து மாற்றுச் சீலை கட்டிக்கொண்டு ஓடினாள். பழனியாத்தாள் வீட்டுக் கொல்லையை ஒட்டின முதல் பாத்தியில் நின்றுகொண்டிருந்தாள். கொழுந்து சுருண்டிருந்தது. பங்காரம்மாள் பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பாத்தியிலிருந்து உள்ளே போகப் போகப் பத்துப் பதினைந்து சாலுக்கு அதே கதிதான். அங்கிருந்து திரும்பி வந்தபோதுதான் செடியின் தூரில் அதைப் பார்த்தாள். சாண் உயரத்தில் நாலைந்து பப்பாளிக் கன்றுகள். அவற்றின் இலைக்கு அடியிலெல்லாம் அப்பி வைத்தது போல வெள்ளை.

"அதுவா? நீ குடுத்த பழத்தோட வெத. தோலையும் வெதையையும் இங்கதான் கொட்டினேன். தானா மொளச்சுது. அந்த ருசி போயிரக்கூடாதுன்னு நானும் தண்ணி ஊத்தி உட்டு வெச்சேன். பாவம், அதுலயும் ஏறிருச்சு பாரு" என்றாள் பழனியாத்தாள்.

பங்காரம்மாளுக்கு ஐயோ கடவுளே, ஐயோ கடவுளே என்று உள்ளே ஒரே ஓட்டம். பப்பாளிதானே இந்தப் பூச்சிக்கு முதல் வீடு? கழுவினோமே! காம்புக்கு அடியில், அந்தக் குழியில் கழுவினோமா? துடைத்தது அந்த முந்தானையில்தானே? அதே முந்தானையோடுதானே காலையில் செடிக்குள் நின்று பொறுக்கி அறுத்தோம்?

"எனக்குத் தெரியும் எப்படி வந்துச்சுன்னு," பழனியாத்தாள் சொன்னாள். "எவனோ களவுக்குத் தழை அறுக்க வந்திருக்கறான். அவன் சாக்குல கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டான். இல்லேன்னா எவளோ வேணும்னே கொண்டாந்து போட்டுட்டா. என் ஒருத்தி தோட்டம் நல்லாருந்தது பொறுக்கல."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க்கா..."

"நீ கம்முனு இரு. உனக்கு எல்லாருமே நல்லவிங்கதான். என்ற புழு மூணாந் தோலு உரிச்சு நிக்குது. இனித்தான் பசியே வரும். உன்ற தோட்டமும் இன்னும் தேறல, நான் யாரு தோட்டத்துல போயிக் கேப்பேன் சொல்லு? நாளைக்குச் செவ்வாக்கெழமை. மாசாணியாத்தாகிட்டப் போயி மொளகா அரைச்சுப் பூசறேன். கொண்டாந்தவ எவளா இருந்தாலும் செரி, ஆத்தா பாத்துக்குவா. நீயும் வா. பூச்சியில அடிபட்டவ நீ, நீயும் சேந்து அரைச்சா வெரசாப் பலிக்கும்."

சரீங்க்கா என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு என்ன சொல்வது? சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள். சீனிவாசலு பிசைந்த கையை நிறுத்தினார்.

"அவிங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பக் கம்முனு உட்டுத் தள்ளு. வேணும்னா செஞ்சோம்? நல்லதுக்குத்தான குடுத்தோம்."

"நீங்கதான குடுக்கச் சொன்னீங்க."

அவர் சோற்றைத் தின்னவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆனைமலை மாசாணியாத்தா கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். மிளகாய் அரைக்கிற இடத்தில் தும்மலும் இருமலும் அழுகையுமாகப் பெண்கள். நகை தொலைத்தவள், புருஷனைத் தொலைத்தவள், நிலம் போனவள் என்று ஒவ்வொருத்தியும் தன் நியாயத்தைச் சொல்லிச் சொல்லி அரைத்துக்கொண்டிருந்தார்கள். அரைத்ததை நீதிக்கல்லில் பூசிவிட்டால், அநியாயம் செய்தவர்களுக்கு உடம்பு எரியும். சாமி கண் திறக்கும் வரைக்கும் எரியும்.

பழனியாத்தாள் உட்கார்ந்து அரைத்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. "வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டவ பட்டினி கெடக்கோணும் தாயி. என்ற தோட்டத்தக் கருக்கினவ ஊடு கருகோணும்." பிறகு நகர்ந்து கொடுத்தாள். "நீ அரை அம்மணி."

பங்காரம்மாள் குழவியைப் பிடித்தாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். விரல் எரிந்தது. அரைக்கிறது தன் தலையை என்று தெரிந்துகொண்டே எத்தனை இழுப்பு இழுப்பது? அவள் குழவியை விட்டாள்.

"அக்கா. நாந்தானுங்க்கா."

"என்னது?"

"பூச்சியக் கொண்டாந்தது நாந்தானுங்க. அந்தப் பப்பாளி."

"எந்தப் பப்பாளி? நீ கழுவித்தான குடுத்தே?"

"கழுவித்தானுங்க குடுத்தேன். காம்புக்கடியில இருந்திருக்கோணும். அந்தப் புள்ள மரத்த வெட்டிக் கொளுத்தச் சொல்லுச்சு. மரத்தக் கொளுத்தினோம். பழத்தக் கொளுத்த மனசு வல்லீங்க்கா. வெறுங்கூடை குடுக்கவும் மனசு வல்லீங்க."

பழனியாத்தாள் உள்ளங்கையில் சிவப்பாக விழுது. பின்னால் நின்றவள், "ஏனுங்க, அரைச்சாச்சுன்னா நகருங்க, நாங்க நெம்ப நேரமா நிக்கறோம்" என்றாள். பழனியாத்தாள் எழுந்தாள். நீதிக்கல் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பங்காரம்மாள் கையைக் கூப்பக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். பழனியாத்தாள் குழாயடிக்குப் போனாள். விழுதை உதறிக் கழுவினாள். கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். எரிகிற கையைச் சீலையில் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பிரிவில் இறங்கினதும் சொன்னாள்:

"என்ற கூடை உங்கூட்லதான இருக்குது? கொண்டாந்து குடுத்துரு."

பங்காரம்மாள் கூடையை முக்கி, உச்சி வெயிலில் காய வைத்தாள். உதறினாள், தட்டினாள், மூங்கில் பின்னலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் எதையாவது தேடினாள். முருங்கைக்காய் இருந்தது, அது இந்த வாசலில் நின்ற மரம். தேங்காய் இருந்தது, அதுவும் இந்த மண்தான். கடையில் வாங்கின சர்க்கரை இருந்தது. பொட்டலத்தை எடுத்துக் கூடையில் வைத்தாள், கையைப் பார்த்தாள், எடுத்துவிட்டாள்.

பழனியாத்தாள் கொல்லையில் குழி வெட்டியிருந்தாள். இனிப் போடத் தழை இல்லாத புழுவைத் தட்டு தட்டாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள். குழிக்குள் அவை தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின. பப்பாளிக் கன்றுகள் பிடுங்கப்பட்டு அதே குழியில் கிடந்தன.

"உங்க சீலையும் துணிமணியும் எடுத்துட்டு நம்மூட்டுக்கு வந்துருங்க்கா. ஒரு வாய் கஞ்சி எங்க கூடக் குடிங்க. குளவி வரும் வரைக்கும்..." பங்காரம்மாள் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள். பழனியாத்தாள் கையை நீட்டினாள். பங்காரம்மாள் கூடையைக் கொடுத்தாள்.

வாங்கினவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கவிழ்த்துப் பிடித்து அம்மிக்கல்லில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை, தூரமாக, வண்டித்தடத்தை ஒட்டி, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து மண்வெட்டியை எடுத்தாள்.

"வாரேனுங்க்கா" என்றாள் பங்காரம்மாள்.

மண்ணைத் தள்ளிக்கொண்டே, நிமிராமல், பழனியாத்தாள் சொன்னாள்: "செரி, போ."